பதினொரு கதை கையில் இருக்கிறது, யாரிடம் கொண்டுபோவது?

தேயிலைப்பூ:

எல்லாருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பத்து வருஷமாக எழுதின கதைகள் 11 இருக்கின்றன. எல்லாம் சீ.ஆர். என்கிற பெரிய நோட்டுக் கொப்பியில் எழுதி, அப்புறம் பிள்ளைகள் தூங்கின பிறகு போனிலேயே தட்டி வைத்தது. மூன்று கதை ஞாயிறு பத்திரிகையில் வந்தது, மிச்சத்தை யாரும் பார்த்ததில்லை. இதைப் புத்தகமாக்கப் போன வருஷம் முழுக்க அலைந்து களைத்துப்போய்த்தான் இங்கே கேட்கிறேன்.

கொழும்பில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். மூன்று மாதம் பதில் இல்லை. நானே போன் எடுத்துக் கேட்டபோது, "வீட்டுக்காரரைப் பேசச் சொல்லுங்க, காசு விஷயம் அவரோட பேசிக்கிறோம்" என்றார்கள். கணவர் பேசினார். 500 பிரதி, நாங்கள் 2 இலட்சத்து 40 ஆயிரம் கொடுக்க வேண்டும், 150 பிரதி எங்களுக்கு, மிச்சம் 350ஐ அவர்கள் விற்பார்கள். விற்ற காசில் எங்களுக்கு எவ்வளவு என்று கேட்டதற்கு, "அதெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்ற ஒரே பதில்தான்.

காசைவிட மனதுக்குக் கஷ்டமானது வேறு. ஒரு கதையைத் திருத்தி மாதிரிக்கு அனுப்பியிருந்தார்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தின் அறையைக் காம்பரா, முன் திண்ணையை இஸ்தோப்பு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்தைப் பிரட்டு, தேயிலைச் செடியை வெட்டிவிடுவதைக் கவ்வாத்து என்று எழுதியிருந்தேன், எல்லாவற்றிலும் சிவப்புக் கோடு. "அரைப்பேர்" என்ற தலைப்பை "பாதி நாள் சம்பளம்" என்று மாற்றியிருந்தார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், கொழுந்து நிறை குறைந்தால் அன்றைக்கு முழு நாள் சம்பளமான முழுப்பேர் விழாது, பாதிச் சம்பளமான அரைப்பேர்தான் போடுவார்கள். அம்மா மழைக்குள் அட்டைக்கடியோடு நின்று பறித்துவிட்டு வந்து, இடுப்பில் கட்டின படங்கை அவிழ்த்துக்கொண்டே "இன்னைக்கு அரைப்பேருதான்" என்று சொல்வதில்தான் அந்தக் கதையே தொடங்குகிறது. அதை எப்படி மாற்றுவது?

காசு கேட்காத பதிப்பகம் இருக்கிறதா? பெண்கள் எழுதுவதை மட்டும் போடுகிற இடம் ஏதும் உண்டா? நாமே அச்சிட்டால் என்ன ஆகும்? இன்னொன்று, இரண்டு கதைகளில் அம்மா பாடின ஒப்பாரி வருகிறது, அதை எப்படிப் போடுவது என்றும் தெரியவில்லை.

ஊவாக்காரி:

தங்கச்சி, முதலில் அந்த 2 இலட்சத்து 40 ஆயிரத்தைக் கொடுத்துவிடாதீர்கள். நான் பதுளை, இரண்டு புத்தகம் போட்டிருக்கிறேன், முதலாவதில் இதே மாதிரிப் பட்டவள்.

கணக்கை மட்டும் பாருங்கள். 500 பிரதிக்கு அந்தக் காசு என்றால் ஒன்றுக்கு 480 ரூபாய் விழுகிறது. புத்தகத்துக்கு 700 ரூபாய் விலை போட்டு உங்களுடைய 150ஐயும் ஒன்று விடாமல் விற்றாலும் 1 இலட்சத்து 5 ஆயிரம்தான் வரும். போட்ட காசு திரும்ப 340 பிரதிக்கு மேல் விற்க வேண்டும், அது அவர்கள் கையில் இருக்கிறது, அவர்களோ ஏற்கனவே முழுக்காசையும் வாங்கியாயிற்று, அப்புறம் அதை விற்று அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது? என்னுடைய பிரதிகள் கட்டுப் பிரிக்காமலேயே நான்கு வருஷம் ஒரு களஞ்சியத்தில் கிடந்தன. நான் போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அச்சுக் கூலியை நாம் கொடுத்தால் அது நம் புத்தகம், எல்லாப் பிரதியும் நமக்குத்தான். பதிப்பகம் காசு போட்டால் அவர்கள் விற்பார்கள், நமக்கு நூற்றுக்கு இத்தனை என்று எழுத்தில் தர வேண்டும். இது இரண்டும் இல்லாமல் நடுவில் ஒன்றைச் சொன்னால் தள்ளிவிடுங்கள். அதோடு உரிமை யாருக்கு என்று முதல் பக்கத்தில் உங்கள் பெயர் வர வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவருக்குத்தான் உரிமை, உயிரோடு இருக்கும்வரைக்கும், அதற்குப் பிறகு 70 வருஷமும். அதற்கு எங்கேயும் போய்ப் பதிய வேண்டியதில்லை. நாமாகக் கையெழுத்து வைத்துக் கொடுத்தால்தான் போகும்.

வீட்டுக்காரரைப் பேசச் சொன்ன விஷயம் எனக்கும் நடந்தது. அடுத்த முறை "எழுதினது நான், பேசுவதும் நான்தான்" என்று சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகும் அவரைத்தான் கேட்டால் அந்த இடம் நமக்குச் சரிவராது.

வெளியீட்டு விழா பற்றியும் இப்போதே சொல்லிவைக்கிறேன். நம் நாட்டில் பாதிப் புத்தகத்துக்கு அச்சுக் காசு அந்த மேடையில்தான் திரும்பும், முதற்பிரதி ஒருவருக்கு, சிறப்புப் பிரதி இருபது பேருக்கு, வாங்குகிறவர்கள் என்வலப்பில் காசு வைத்துத் தருவார்கள். என் முதல் விழாவில் ஏழு ஆண்கள் பேசினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், ஏற்புரைக்கு எனக்கு ஐந்து நிமிஷம் கிடைத்தபோது கடைசி பஸ்ஸுக்குச் சனம் எழும்பிவிட்டது. இரண்டாவது புத்தகத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்து வாசிகசாலையில் வைத்தேன். கொழுந்து பறிக்கிற அக்காமார் வந்தார்கள். மேடை போடவில்லை, ஒரு கதையை வாசித்தேன், அவ்வளவுதான். கையில் காசில்லாதவர்கள் "பத்தாந்திகதி சம்பளத்துக்குத் தாறேன்" என்று பெயர் எழுதிவிட்டு எடுத்துப்போனார்கள். 62 பேர். ஒருவர்கூடக் கொடுக்காமல் விடவில்லை.

ஹட்டன் அச்சுக்காரர்:

டீச்சர், நான் ஹட்டனில் பக்கம் அமைக்கிற வேலை செய்கிறவன். நாமே அச்சிட்டால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள், அதற்கு மட்டும் சொல்கிறேன்.

புத்தகத்தைப் பாரக் கணக்கில்தான் பார்ப்போம், ஒரு பாரம் 16 பக்கம். உங்கள் கதைகள் 140 பக்கம் சொச்சம் வரும் என்று வைத்துக்கொண்டால் 9 பாரம், 144 பக்கம். 146 ஆகிவிட்டால் அந்த இரண்டு பக்கத்துக்காகப் பத்தாவது பாரம் ஏறும். அதனால் தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம், முன்னுரை எல்லாம் சேர்த்து எத்தனை என்று முதலிலேயே எண்ணிப் பாருங்கள். மூன்று பேரிடம் அணிந்துரை வாங்கினால் ஒரு பாரம் அதற்கே போய்விடும்.

ஓஃப்செட் அச்சில் முதலில் தட்டு (பிளேட்) செய்ய வேண்டும், அந்தச் செலவு 100 பிரதிக்கும் 500 பிரதிக்கும் ஒன்றுதான், அதனால் குறைவாக அடித்தால் ஒன்றின் விலை கூடும். டிஜிட்டலில் தட்டு இல்லை, 100 பிரதி அடித்துப் பார்த்து, முடிந்தால் இன்னும் 100 அடிக்கலாம். முதல் புத்தகத்துக்கு நான் யாருக்கும் 500 சொல்வதில்லை. காம்பராவில் 500 புத்தகம் வைக்க எங்கே இடம்? ஒரு மழைக்காலம் போனால் ஈரம் ஏறிவிடும். 2022இல் காகிதத்துக்கு வந்த தட்டுப்பாட்டுக்குப் பிறகு விலை கேட்காமல் எதற்கும் சரி சொல்லாதீர்கள், மூன்று இடத்தில் எழுத்தில் விலை வாங்குங்கள், காகிதம் 70 கிராமா 80 கிராமா, அட்டை எது, கட்டுவது தைத்தா ஒட்டியா என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

போனில் தட்டியது யுனிகோட், நல்லது. ஆனால் எங்கள் பக்கத்தில் நிறைய இடங்களில் இன்னும் பாமினி என்கிற பழைய எழுத்துருவில்தான் வேலை. மாற்றும்போது காற்புள்ளி இருந்த இடத்தில் வேறு எழுத்து வந்து உட்காரும். மாற்றின பிறகு வருகிற புரூப்பை நீங்களே முதலில் இருந்து கடைசி வரை வாசியுங்கள், கடையில் உள்ள பிள்ளை வாசித்தால் போதும் என்று விடாதீர்கள், அதுதான் காம்பராவை "கம்பரா" ஆக்கிவிடும்.

கண்டி வாசிகசாலை:

ஓய்வு பெற்ற நூலகர் நான். மகளே, மலையகத்தில் பெண்கள் புத்தகம் போடுவது புதிது இல்லை என்பதை முதலில் மனதில் வையுங்கள். மீனாட்சியம்மாள் நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் பாடின பாட்டுகளை 1940இலேயே புத்தகமாக்கினார். கணவர் பத்திரிகை நடத்தியவர் என்பதால் அச்சு அவருக்குக் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. கோகிலம் சுப்பையாவின் நாவல் 1964இல் வந்தது. 2007இல் பெண்களின் இணைய இதழான ஊடறு மலையகப் பெண் கவிஞர்களை ஒரே தொகுப்பில் கொண்டுவந்தது. இடையில் எழுதின எத்தனையோ பெண்களின் கதைகள் பத்திரிகைத் தாளோடு போய்விட்டன, நான் வேலை செய்த நூலகத்திலேயே ஞாயிறு இதழ்களைக் கரையான் அரித்த கட்டுகளாகத்தான் பார்த்திருக்கிறேன். அதனால் பத்திரிகையில் வந்த மூன்று கதைகளின் நறுக்கையும் திகதியோடு பத்திரமாக வையுங்கள்.

புத்தகத்தை அடையாளம் காட்டுகிற ஐ.எஸ்.பி.என். இலக்கத்துக்குப் பதிப்பகம் தேவையே இல்லை. கொழும்பு 07, சுதந்திர மாவத்தையில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு எழுதினவரே தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். நம் நாட்டு இலக்கம் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். கையெழுத்துப் பிரதிக்குப் போட்டி வைத்து, தெரிவானதை அச்சிடுகிற வழியும் உண்டு, கொடகே பதிப்பகம் தமிழுக்கும் அப்படிச் செய்திருக்கிறது, அறிவிப்பு வரும்போது விடாதீர்கள். புத்தகம் வந்த பிறகு ஒரு பிரதியை "நூலகம்" என்ற இணையத்தளத்துக்கும் கொடுங்கள். 2005இல் இருந்து ஈழத்து எழுத்தை அங்கே சேர்த்து வைக்கிறார்கள். உங்கள் 100 பிரதியும் தீர்ந்தாலும் அங்கே யாராவது எடுத்து வாசிப்பார்கள்.

வெள்ளவத்தை வாசகி:

எல்லாரும் "நீங்களே அச்சிடுங்கள்" என்கிறீர்கள், எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. நாமே அச்சிட்டால் பதுளையில் 60 பேர், ஹட்டனில் 40 பேர் வாசிப்பார்கள், அதற்கு மேல் போகாது. இந்தியாவில் பெண்கள் எழுத்துக்கென்றே நடத்துகிற பதிப்பகங்கள் இருக்கின்றன, சென்னையில் ஹெர் ஸ்டோரீஸ் இருக்கிறது, புதுச்சேரியில் மாலதி மைத்ரியின் அணங்கு இருக்கிறது. நம் நாட்டு எழுத்தைத் தொடர்ந்து போடுகிற காலச்சுவடும் இருக்கிறது. ஏன் அங்கே அனுப்பக் கூடாது? மறுத்தால் மறுக்கட்டும், காசு கேட்டு அவமானப்படுத்துவதைவிட மறுப்பு நல்லது. 11 கதையையும் மொத்தமாக அனுப்பாமல், நல்லது மூன்றையும் புத்தகம் எதைப் பற்றியது என்று அரைப் பக்கத்தையும் அனுப்புங்கள்.

ஊவாக்காரி:

வாசகி சொல்வதும் சரிதான், அனுப்பிப் பார்க்கட்டும். ஆனால் சென்னையில் வந்த புத்தகம் கொழும்புக் கடைக்கு வரும்போது இந்திய விலை பல மடங்காகி, பொகவந்தலாவைக்கு வரவே வராது. அந்த அக்காமார் வாசிக்க வேண்டும் என்று நினைத்தால் "இலங்கையில் அச்சிடும் உரிமை எனக்கே" என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லி, அதற்கு அவர்கள் ஒத்துக்கொண்டால் மட்டும் கையெழுத்து வையுங்கள். தோட்டத்துச் சொல்லை மாற்றச் சொல்வது அங்கேயும் நடக்கலாம். கடைசிப் பக்கத்தில் சொல்லுக்குப் பொருள் போட நான் சம்மதிப்பேன், கதைக்குள் கை வைக்க விடமாட்டேன். மதுரைக்காரர்களும் திருநெல்வேலிக்காரர்களும் தங்கள் ஊர்ச் சொல்லில் எழுதினதை நாம் அகராதி கேட்காமல்தானே வாசித்தோம்?

அம்மாவின் ஒப்பாரி பற்றி யாரும் பேசவில்லை. பாட்டுக்குக் கீழே அம்மா பெயரை முழுசாகப் போடுங்கள், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்றும் போடுங்கள். "நாட்டார் பாடல்" என்று மட்டும் போட்டால் பாடினது யாருமே இல்லை என்று ஆகிவிடும். நம் பக்கத்துத் தாலாட்டும் ஒப்பாரியும் எத்தனையோ அச்சில் வந்திருக்கின்றன, அதில் தொகுத்த ஆளின் பெயர் அட்டையில் இருக்கும், பாடின பொம்பளையின் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால் பெயர் போட அம்மாவுக்குச் சம்மதமா என்று முதலில் கேளுங்கள், அது யாருடைய சாவுக்குப் பாடினது என்பதையும் கேளுங்கள், அந்த வீட்டுக்காரர்கள் இன்னும் அதே லயத்தில் இருக்கலாம்.

தேயிலைப்பூ:

அக்கா, அண்ணன், ஐயா எல்லாருக்கும் நன்றி, இரண்டு நாளாகத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கொழும்புக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டேன், இந்த முறை நானே. மூன்று கதையைச் சென்னைக்கு அனுப்புகிறேன், ஆறு மாதம் பார்ப்பேன், வராவிட்டால் ஹட்டனில் 100 பிரதி. அண்ணன், முன்னுரை ஒன்றே ஒன்றுதான், நானே எழுதுவேன், அப்போது 9 பாரத்துக்குள் நின்றுவிடும் என்று நினைக்கிறேன்.

அம்மாவிடம் கேட்டேன். ஒப்பாரி பாட்டி செத்தபோது பாடினதாம், அதனால் வேறு வீட்டைக் கேட்க வேண்டியதில்லை. பெயர் போடச் சம்மதம், ஆனால் தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் இருக்கிற பெயர் இல்லை, வீட்டில் கூப்பிடுகிற பெயர்தான் போட வேண்டுமாம். அப்புறம் "அரைப்பேர்" கதையை முழுசாக வாசித்துக் காட்டினேன். இஸ்தோப்பில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டார், ஒரே ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னார். அன்றைக்குப் பேர் வெட்டினது கங்காணி இல்லையாம், கணக்கப்பிள்ளையாம், கங்காணி பாவம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். இன்று இரவே அதைத் திருத்துகிறேன்.