மேன்லிப்ட் செய்த ஜே.எல்.ஜி எந்த நாட்டுக் கம்பனி? அதில் ஏறி மரம் வெட்டலாமா?

பொகவந்தலாவை பெயின்டர்:
எங்கள் தோட்டத்து ஸ்டோருக்குப் பெயின்ட் அடிக்க இந்த முறை சாரம் கட்டவில்லை. கொழும்பிலிருந்து செம்மஞ்சள் நிற மேன்லிப்ட் ஒன்றை, அதாவது ஆள் நிற்கும் கூடையை நீண்ட இரும்புக் கையால் உயரத் தூக்கும் மெஷினை, வாடகைக்கு எடுத்து வந்தார்கள். மூன்றாம் மாடி ஜன்னல் உயரத்தில் நின்று இரண்டு கையாலும் வேலை செய்கிறேன். சாரத்தில் ஒரு கை எப்போதும் கம்பைப் பிடித்தபடியே இருக்கும். மெஷினில் ஜே.எல்.ஜி என்று பெரிதாக எழுதியிருக்கிறது. யார் இவர்கள்? இன்னொன்று, லயத்துக்குப் பக்கத்தில் சவுக்குக் கிளைகள் கரண்ட் கம்பியில் முட்டுகின்றன. மெஷின் இருக்கும்போதே ஏறி வெட்டிவிடலாமா?

ஹட்டன் ஒப்பரேட்டர்:
தம்பி, கட்டாரில் நான் வருஷக்கணக்கில் ஓட்டியது இந்தக் கம்பனி மெஷின்தான். ஜோன் எல். குரோவ் என்ற அமெரிக்கரின் பெயர் அது. அவரும் அவருடைய சகோதரரும் 1947 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பண்ணை வண்டிகள் செய்யத் தொடங்கினார்கள். பட்டறையில் இரும்பு தூக்கத் தங்களுக்கென்று செய்த கிரேன், பிறகு அவர்களைப் பெரிய கிரேன் கம்பனியாக்கிவிட்டது. 1967 இல் குரோவ் அதைவிட்டு விலகி, மனைவியோடு நாடு சுற்றக் கிளம்பினார். ஹூவர் அணையைப் பார்க்கப் போனபோது, சாரத்தில் நின்ற இரண்டு தொழிலாளிகள் கரண்ட் அடித்துச் செத்துப்போனார்கள். ஆளைப் பத்திரமாக மேலே தூக்க ஒரு மெஷின் வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அந்தப் பயணத்தில்தான் வலுத்தது.

1969 இல் நண்பர்களோடு சேர்ந்து அதே பென்சில்வேனியாவில் மெக்கானல்ஸ்பேர்க் என்ற ஊரில் ஒரு சின்ன இரும்புப் பட்டறையை வாங்கினார். அதுதான் ஜே.எல்.ஜி ஆனது. மலைகளுக்கு நடுவே கிடக்கும் ஊர், நம்ம ஹட்டன் டவுனைவிடச் சின்னது. அங்கே 20 பேரை வைத்துக்கொண்டு 1970 இல் முதல் மெஷினை முடித்தார்கள். 2006 இல் இராணுவ லொறி செய்யும் ஒஷ்கொஷ் கம்பனி ஜே.எல்.ஜியை வாங்கியது.

சரி, மரத்துக்கு வருவோம். வேண்டாம் தம்பி. கரண்ட் அடித்தவர்களைப் பார்த்துப் பிறந்த மெஷின்தான், ஆனால் கரண்டிலிருந்து அது உன்னைக் காப்பாற்றாது. முழுக்க இரும்பு. மின்சார சபை லொறியில் இருக்கிற, கரண்ட் பாயாதபடி காப்பிட்ட தூக்கும் கை இதில் கிடையாது. 50,000 வோல்ட் வரையிலான கம்பிக்குக் குறைந்தது 3 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லி மெஷினோடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறது. தோட்டம் வழியாகப் போகிற 33,000 வோல்ட் லைனும் அதில் அடக்கம். கிளை கம்பியில் பட்டாலே போதும், நீ தொட வேண்டியதில்லை.

தலவாக்கலை சேஃப்டி:
அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லயத்துப் பக்கம் எங்கே சமதரை இருக்கிறது? சரிவில் நிறுத்தினால் அலாரம் அடிக்கும். அதை மீறி மெஷினின் கையை உயர்த்தினால் ஆளோடு மெஷின் கவிழ்ந்துவிடலாம். கான் ஓரத்து மண் மழைக்குப் பிறகு சக்கரத்தின் பாரத்தைத் தாங்காது. ஸ்டோர் முற்றம் கொங்கிரீட், அதனால்தான் அங்கே பயமில்லாமல் நிற்கிறது. கூடைக்குள் பெல்ட்டை மாட்டாமல் மட்டும் ஏறாதீர்கள்.

பொகவந்தலாவை பெயின்டர்:
நன்றி அண்ணே, நன்றி அக்கா. லைனை நிறுத்திக் கிளையை வெட்டித் தரும்படி மின்சார சபைக்கு எழுதக் கணக்கப்பிள்ளை ஐயாவிடம் சொல்லிவிட்டேன். ஸ்டோரின் மேற்குச் சுவருக்குப் பக்கத்திலும் ஒரு லைன் போகிறது. சபை ஆட்கள் வந்து தூரத்தைப் பார்த்துச் சொல்லும்வரை அந்தப் பக்கம் மெஷினைக் கொண்டுபோக மாட்டோம்.