வரைபில் 36, கணக்கில் 46: எது சரியான வெட்டுத்துண்டு?

அக்கரைப்பற்று, தரம் 11
உழவு மெசினின் தாங்கியில் மிச்சமிருக்கிற டீசலை நேரத்துக்கு எதிராகக் குறித்த வரைபு. கோடு (3, 31), (7, 11) என்ற புள்ளிகளுக்கூடாகப் போகுது. சமன்பாடு கேட்டிருக்கு. படித்திறன் (கோட்டின்ர சரிவு) −5 வந்தது. வரைபில பார்த்தா கோடு நிலைக்குத்து அச்சை 36 இல வெட்டுது, பிரதியிட்டா 46 வருது. எதை எழுதுறது? கிடை அச்சு 2 இலிருந்து தொடங்குது. கிடையாக ஒரு பெட்டி 1 மணித்தியாலம், நிலைக்குத்தாக ஒரு பெட்டி 5 லீற்றர்.

கல்முனை, கணித ஆசிரியை
46 தான் மகன். வெட்டுத்துண்டு என்பது நேரம் 0 ஆகும்போது உள்ள பெறுமானம். உங்கட தாளில இடப்பக்கம் நிற்கிற கோடு நேரம் 2 ஆகிற இடம். அங்க 46 − 5 × 2 = 36, அதைத்தான் வாசிச்சிருக்கிறீங்க. வரைபிலிருந்து வெட்டுத்துண்டை எடுக்க முதல் கிடை அச்சு 0 இல தொடங்குதா என்று பாருங்க.

படித்திறன் (11 − 31) ÷ (7 − 3) = −20 ÷ 4 = −5. மேலே எந்தப் புள்ளியில இருந்து கழிக்கத் தொடங்கினீங்களோ, கீழேயும் அதே புள்ளியில இருந்துதான். மேலே 11 − 31, கீழே 3 − 7 என்று மாறிப்போனா +5 வந்திடும். ஓடுற மெசினில டீசல் கூடிக்கொண்டு போகாது, அதை வச்சே பிழையைப் பிடிச்சிடலாம்.

பிறகு (3, 31) ஐப் பிரதியிட்டா 31 = −15 + வெட்டுத்துண்டு. −15 மறுபக்கம் போகேக்க சக 15 ஆகும், 46 வரும். கனபேர் குறியை மாத்தாம 16 என்று எழுதிப் புள்ளியை இழக்கிறாங்க.

டீசல் = −5 × நேரம் + 46.

மட்டக்களப்பு
விடையைச் சரிபார்க்கிறது எப்பவும் மற்றப் புள்ளியால. வெட்டுத்துண்டு எடுத்த (3, 31) ஐயே திரும்பப் போட்டா பிழையான படித்திறனும் தப்பிடும். +5 என்று வச்சிருந்தா வெட்டுத்துண்டு 16, 3 க்கு 31 சரியாக வரும். 7 ஐப் போட்டா 51 வரும், வரவேண்டியது 11. உங்கட 36 ஐயும் இப்படிப் பாருங்க: −35 + 36 = 1.

உங்கட அளவிடையில பெட்டி எண்ணிப் படித்திறன் எடுக்கிறதும் ஆபத்து. ஒரு பெட்டி வலப்பக்கம், ஒரு பெட்டி கீழே, அதனால −1 என்று தோணும். கீழிறங்கின பெட்டி 5 லீற்றர், அதனால −5. 31 ÷ 3 என்று ஒரு புள்ளியை மட்டும் வகுக்கிறது கோடு உற்பத்தித்தானம் (0, 0) ஊடாகப் போனா மட்டும்தான் சரிவரும்.

அக்கரைப்பற்று, தரம் 11
விளங்கிட்டு, நன்றி மிஸ், நன்றி சேர். அடுத்த பகுதி, டீசல் எப்ப முடியும்? 46 ÷ 5 = 9.2, அப்ப 9 மணித்தியாலம் 20 நிமிடமா?

கல்முனை, கணித ஆசிரியை
இல்ல மகன், 0.2 × 60 = 12 நிமிடம். 9 மணித்தியாலம் 12 நிமிடம். அதுக்கு அங்கால டீசல் மறைப்பெறுமானமாக வரும், அதனால கோட்டை அந்த இடத்தோட நிப்பாட்டுங்க.

படுவான்கரை
கணக்குக்கு 9.2 சரி. வயலில அவ்வளவுக்கு விடக்கூடாது, தாங்கி வத்தினா டீசல் லைனில காத்துப் புகுந்திடும். டீசல் ஊத்தினாலும் அந்தக் காத்தை வெளியேத்தாம மெசின் ஸ்டார்ட் ஆகாது.