சோலார் போட்டவர்கள் சொல்லுங்கள்: உங்களுக்கு எங்கே செலவு குறைந்தது?

மதுரை, திருநகரிலிருந்து:

மாடியில் சோலார் போட்டு ஒரு கோடை, ஒரு மழைக்காலம் இரண்டையும் பார்த்துவிட்டோம். தெருவில் எல்லோரும் விசாரிப்பதால் நடந்ததை எழுதுகிறேன். நீங்களும் எழுதினால் இனிமேல் போடப்போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் வந்த கம்பெனிக்காரர் மாடியை அளந்தார், கரண்ட் பில்லைக் கேட்கவே இல்லை. 5 கிலோவாட், கூடவே பேட்டரி, மொத்தம் நாலரை லட்சம் என்று கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போனார். "போடுறதே போடுறோம், பெருசாவே போட்டுடலாம்" என்று வீட்டுக்காரருக்கும் ஆசை. எனக்கு மனசு ஒப்பவில்லை. பழைய பில்களை எடுத்து வைத்துக் கணக்குப் பார்த்தேன்.

கோடையில் ஏசி ஓடும்போது எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 720 யூனிட் வரும், பில் நாலாயிரம் ரூபாயைத் தொடும். நாங்கள் போட்டபோது இருந்த நம் ஊர் கட்டண முறையில் முதல் 100 யூனிட் இலவசம். 400 வரை யூனிட் ஐந்து ரூபாய்க்குள்தான். 500ஐத் தாண்டினால் எட்டு ரூபாய்க்கு மேல், 600ஐத் தாண்டினால் ஒன்பதுக்கு மேல். அதோடு 500ஐத் தாண்டிய வீட்டுக்கு 101 முதல் 200 வரை கிடைக்கும் பாதி விலைச் சலுகையும் போய்விடும். ஆக, பில்லின் கனமெல்லாம் கடைசி இருநூறு முந்நூறு யூனிட்டில் இருக்கிறது. அதை மட்டும் வெட்டினால் போதும் என்று தோன்றியது.

ஒரு கிலோவாட் நம் வெயிலுக்குச் சராசரியாக ஒரு நாளில் 4 யூனிட் தரும். 2 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். 720இல் 480 போனால் மிச்சம் 240, அதற்குப் பில் ஐநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அந்த ஐநூறையும் இல்லாமல் செய்ய இன்னும் 3 கிலோவாட் வாங்க வேண்டுமா? மிஞ்சும் கரண்டை மின்வாரியத்துக்குக் கொடுக்கலாமே என்பார்கள். அதற்குக் கிடைக்கும் விலை, நாம் கொடுக்கும் விலையைவிட மிகக் குறைவு.

மத்திய அரசின் சூரிய வீடு (பிஎம் சூர்ய கர்) திட்டத்தில் மானியமும் இதே பக்கம்தான் சாய்கிறது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000தான். நாங்கள் 2 கிலோவாட் போட்டோம். செலவு 1,40,000, மானியம் 60,000, கையிலிருந்து போனது 80,000. பேட்டரி வைக்கவில்லை. இந்த முடிவில் எனக்கு இன்றும் முழுத் திருப்தி.

இன்னொன்று. நாங்கள் போட்டபோது பேனலுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதம். பொருளும் வேலையும் சேர்ந்த ஒப்பந்தத்தில் 70 பங்கு பொருளாகவும் 30 பங்கு வேலையாகவும் வரி போடுவார்கள், வேலைக்கு 18 சதவீதம். சேர்த்துப் பார்த்தால் முன்பு 13.8 சதவீதம் வந்தது, இப்போது 8.9. பழைய விகிதத்தைப் போட்டு யாராவது கொட்டேஷன் கொடுத்தால் உடனே கேளுங்கள்.

கோவை, வடவள்ளியிலிருந்து:

அக்கா சொன்னது அத்தனையும் சரி. எனக்குச் செலவு குறைந்தது இரண்டு இடத்தில்.

முதலாவது ஃபேன். வீட்டில் ஐந்து ஃபேன், எல்லாம் 75 வாட் பழையவை. அவற்றை, குறைந்த கரண்டில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினேன். பன்னிரண்டு மணி நேரம் ஓடுகிற வீட்டில் ஒரு நாளைக்கு 2.7 யூனிட் மிச்சம். அதை சோலாரில் எடுக்க அரைக் கிலோவாட்டுக்கும் மேல் பேனல் வேண்டும். ஃபேன்களுக்கு ஆனது பதினைந்தாயிரம்தான். 3 கிலோவாட் போட நினைத்தவன் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். சோலாருக்கு ஆள் கூப்பிடும் முன் ஃபேனை மாற்றுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

இரண்டாவது நிழல். என் மாடியில் தெற்குப் பக்கம் தண்ணீர்த் தொட்டி. வந்தவர் மே மாதம் பார்த்துவிட்டு, தொட்டியை ஒட்டியே பேனல் வைக்கலாம் என்றார். மே மாதம் உச்சி வெயில் நம் ஊருக்குச் சற்று வடக்கே இருக்கும், அதனால் தொட்டி நிழல் வடக்கே விழாது. மார்கழியில் வெயில் தெற்கே சாய்ந்து வரும்போதுதான் நிழல் நீளும். பத்தடி உயரமான பொருளுக்கு மத்தியானத்திலேயே ஏறக்குறைய ஏழடி நிழல். ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் அதோடு தொடராக இணைத்த வரிசை முழுவதுக்கும் உற்பத்தி அடிபடும். வேறொருவர் வந்து, பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சரை உயர்த்தினால் சரியாகும், நாற்பதாயிரம் கூடுதல் என்றார். நான் பொறுத்திருந்து மார்கழியில் சாக்பீஸால் நிழலைக் கோடு போட்டுப் பார்த்து, பேனலைக் கிழக்கே நகர்த்தச் சொன்னேன். கூடுதலாக ஒரு ரூபாய்கூட ஆகவில்லை. கிலோவாட்டுக்கு 100 சதுர அடி நிழலில்லாத இடம் கிடைத்தால் போதும்.

பட்டுக்கோட்டையிலிருந்து:

குறைக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு, அதைச் சொல்லத்தான் வந்தேன். 2018 நவம்பரில் கஜா அடித்த இரவை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். தென்னை மரங்கள் சாய்ந்ததை ஊரே பேசியது. எங்கள் தெருவில் மாடித் தொட்டியும் ஷீட்டும் பறந்ததையும் நான் பார்த்தேன்.

அதனால் ஸ்ட்ரக்சரில் மட்டும் நான் பேரம் பேசவில்லை. சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்பு, துருப்பிடிக்காத எஃகு நட்டு போல்ட், தளத்தோடு ஒட்டிய கான்கிரீட் பீடம். வெறும் பெயின்ட் அடித்த இரும்பு பத்தாயிரம் குறைவாகக் கிடைத்தது. கடல்காற்று வரும் ஊரில் அது சில வருஷத்தில் உதிர்ந்துவிடும். பேனல் இருபத்தைந்து வருஷம் உழைக்க வேண்டுமே.

எர்த்திங்கும் அப்படித்தான். பேனல் பக்கத்துக்கு ஒன்று, வீட்டுக்குக் கரண்ட் போகும் பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று என்று மூன்று குழி போட வேண்டும். "ஒண்ணு போதும் சார்" என்று ஒருவர் சொன்னார். அவரை அப்படியே அனுப்பிவிட்டேன்.

ஆனால் பேனலுக்குக் கீழே துணி காயப்போடலாம், நடக்கலாம் என்று பத்தடி உயரத்துக்குக் கேட்கிறார்களே, அது வேண்டாம். இரும்பும் கூடும், காற்றின் இழுப்பும் கூடும். தாழ்வாகப் போட்டதிலேயே எனக்கு முப்பதாயிரம் மிச்சம்.

சென்னை, அடுக்ககச் செயலாளர்:

தனி வீட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் இது என்று எங்கள் கூட்டத்தில் பலர் நினைத்திருந்தார்கள். லிஃப்ட், மோட்டார், நடைவழி விளக்கு இதற்கெல்லாம் இருக்கும் பொது இணைப்பில் சோலார் போடலாம், குடியிருப்போர் சங்கத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. லிஃப்ட் உள்ள கட்டடத்தில் பொது இணைப்புக்கு இலவச யூனிட் கிடையாது, முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய்க்கு மேல். அதனால் மதுரை அம்மாவின் கணக்கு இங்கே செல்லாது, பொது உபயோகத்துக்குள் எவ்வளவு உற்பத்தியானாலும் இங்கே முழு லாபம். நாங்கள் 10 கிலோவாட் போட்டோம், 1,80,000 மானியம் வந்தது. மாடி யாருக்குச் சொந்தம் என்ற பேச்சை முடிக்கத்தான் நாளானது. அதை முதலிலேயே தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

திருச்சியிலிருந்து ஒரு தம்பி:

அக்கா, பேட்டரி இல்லையென்றால் கரண்ட் போகும்போது என்ன செய்வீர்கள்? அப்புறம், மானியத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் கொடுங்கள், ஆனால் நாங்கள் கொண்டுவரும் பேனல்தான் என்கிறார் ஒருவர். நம்பலாமா? மொத்தமாகப் பணமும் கையில் இல்லை.

திருநகர் அக்கா:

தம்பி, கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவர் மேல் நம் வீட்டுக் கரண்ட் பாயக் கூடாது என்பதற்காக, பேனல் தருவதை வீட்டுக் கரண்டாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டர் தானாகவே அணைந்துகொள்ளும். எங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் யுபிஎஸ் பேட்டரியே அந்த நேரத்துக்குப் போதுமானதாக இருக்கிறது.

மானியம் கம்பெனிக்குப் போகாது. வரும் கரண்டையும் வெளியே போகும் கரண்டையும் கணக்கிடும் இருவழி மீட்டர் மாட்டி, ஆய்வு முடிந்த பிறகு உன் வங்கிக் கணக்கில்தான் விழும். மானியம் வேண்டுமென்றால் இந்தியாவில் தயாரான செல்லை (பேனலுக்குள் கரண்டை உண்டாக்கும் சிறு தகடு) கொண்டு இந்தியாவிலேயே செய்த பேனலாக இருக்க வேண்டும். வெளிநாட்டு செல் வைத்தது விலை குறைவு, அதை மாட்டினால் மானியம் வராது. அவர் எந்தப் பேனல் கொண்டுவருகிறார் என்று பெயரும் மாடலும் எழுதி வாங்கு. திட்டத்தில் பதிவான கம்பெனிதானா என்று தேசிய இணையதளத்தில் பார். பதிவானவர் என்றால் ஐந்து வருஷப் பராமரிப்பும் அவர் பொறுப்பு, அதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதே.

பணத்துக்கு, 3 கிலோவாட் வரை பொதுத்துறை வங்கிகளில் பிணை இல்லாமல் குறைந்த வட்டிக்குக் கடன் தருகிறார்கள். கொட்டேஷனும் கரண்ட் பில்லும் கேட்பார்கள். உன் கடைசி ஆறு பில்லில் யூனிட் எவ்வளவு என்று இங்கே எழுது, எத்தனை கிலோவாட் போதும் என்று சேர்ந்து பார்ப்போம்.