இணைந்த கணிதத்தில் உங்களை எழும்ப விடாமல் உட்கார வைத்த கணக்கு எது?

கடலோரத்தாள், வெள்ளவத்தை:

உயர்தரப் பெறுபேறு வெளிவந்தால் ஊர் முழுவதும் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியைப் பற்றித்தான் பேச்சு. எந்தக் கணக்கோடு மல்லுக்கட்டினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதைக் கேட்கத்தான் ஆசை. கொழும்பில் தமிழ் மொழிமூலம் இணைந்த கணிதம் படித்தவர்களும் படிப்பித்தவர்களும், வீட்டில் ஒரு மெட்ஸ் பிள்ளையை வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தவர்களும் வாருங்கள். ஆளுக்கு ஒரு கணக்கைச் சொல்லுங்கள். அறிவுரை வேண்டாம், நடந்தது போதும்.

என்னுடையது ஆப்புக் கணக்கு. ஒப்பமான, அதாவது உராய்வே இல்லாத மேசையில் ஒப்பமான ஆப்பு, அதன் சாய்ந்த முகத்தில் ஒரு துணிக்கை. இரண்டையும் ஓய்விலிருந்து விடுகிறார்கள். ஆர்முடுகல்களைக் காண்க. வினா மூன்று வரியைத் தாண்டாது. ரியூசன் மண்டபத்தில் சேர் அதைப் பலகையில் செய்தபோது ஒருவருக்கும் சந்தேகம் எழவில்லை. அவர் எழுத எழுத நாங்கள் கொப்பியில் இறக்கினோம். வகுப்பு முடிந்ததும் காலி வீதியில் 101 பஸ்ஸைப் பிடித்தோம். என்னைக் கேட்டால், அந்த மண்டபங்களில் கிடைப்பது கணக்குச் செய்த திருப்தி மட்டும்தான். கணக்கைச் செய்தவர் சேர்.

இரவு கொப்பியை மூடி வைத்துவிட்டு வெற்றுத்தாளில் தொடங்கினேன். துணிக்கை சாய்வின் வழியே இறங்குகிறது என்பது வரை பேனை ஓடியது. அதற்குப் பிறகு ஓடவில்லை. துணிக்கை இறங்கும்போது ஆப்பு பின்னால் நழுவுகிறது. அப்படியென்றால் துணிக்கையின் உண்மையான பாதை எது? சாய்வின் வழியே அல்ல. மேசையிலிருந்து பார்ப்பவருக்கு அது சாய்வைவிடச் செங்குத்தாக விழுகிறது. பலகையில் சேர் இதைச் சொல்லியிருப்பார். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

கொப்பியைத் திறக்கக் கூடாது என்று பிடிவாதம். விசைகளுக்கு ஒரு படம், ஆர்முடுகல்களுக்கு வேறொரு படம் என்று பிரித்து வரைந்த பிறகுதான் வழி திறந்தது. ஒரே படத்தில் எல்லா அம்புக்குறிகளையும் போட்டால் எது விசை, எது ஆர்முடுகல் என்று கண்ணே ஏமாற்றும். கிடைத்திசையில் வெளிவிசை இல்லை என்பதால் இரண்டுக்கும் சேர்த்து ஒரு சமன்பாடு. சாய்வின் வழியே துணிக்கைக்கு மட்டும் இன்னொன்று. திணிவுகள் சமம், சாய்வு 30 பாகை என்று போட்டுப் பார்த்தேன். ஆப்பு சார்பாகத் துணிக்கையின் ஆர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலில் ஐந்தில் நான்கு பங்கு வந்தது. ஆப்பை அசையாமல் பிடித்திருந்தால் பாதிதான் வரும். விலகி வழிவிடும் ஆப்பில் துணிக்கை இன்னும் விரைவாக இறங்குகிறது! விடை சரியா என்று பார்ப்பதைவிட இது ஏன் இப்படி என்று யோசிப்பதில்தான் அதிக நேரம் போனது. அம்மா வந்து விளக்கை அணைக்கச் சொன்னபோது எத்தனை மணி என்று நான் பார்க்கவில்லை.

துறைமுகப் பக்கம், கொட்டாஞ்சேனை:

அக்காவுக்கு அணைக்க விளக்கு இருந்திருக்கிறது. நாங்கள் 2022 ஆம் ஆண்டுப் பிரிவு. அந்த மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போனது. கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளையே தள்ளிவைத்தார்கள். போட்டோப் பிரதி விலை ஏறியதால் கடந்தகால வினாத்தாள் ஒன்றை நான்கு பேர் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டோம். கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில்தான் தொகையீடு. மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நிற்க வேண்டியிருந்ததால் குப்பி விளக்கைக்கூட அளந்துதான் எரித்தோம். 2022 பரீட்சையை நாங்கள் எழுதியது 2023 ஜனவரியில்.

என் கணக்கு தொடர்பு வேகம். எங்கள் மாடியில் ஏறினால் துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் தெரியும். மின்சாரம் இல்லாத மாலையில் வேறு என்ன செய்வது, கொப்பியோடு மேலே போய்விடுவேன். ஒரு கப்பல் கிழக்கே மணிக்கு 15 கிலோமீற்றர். அதற்கு 25 கிலோமீற்றர் வடக்கே இருக்கும் இன்னொன்று தெற்கு நோக்கி மணிக்கு 20 கிலோமீற்றரில் வருகிறது. மிகக் கிட்டிய தூரம் என்ன? இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்வரை என் மூளையும் ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்றை நிறுத்திவிட்டேன். முதற் கப்பலில் நான் ஏறி நின்றால் அது எனக்கு அசையாது. மற்றதுதான் தென்மேற்காக மணிக்கு 25 கிலோமீற்றரில் வருகிறது. மூன்று, நான்கு, ஐந்து முக்கோணம். கிட்டிய தூரம் 15 கிலோமீற்றர், 48 நிமிடத்தில். வகையீடு செய்து இழிவு கண்டாலும் இதே விடைதான். ஆனால் பாதித் தாள் போய்விடும், அப்போது தாள் விற்ற விலைக்கு அது கட்டுப்படியாகாது.

பிளேன்டீ, பம்பலப்பிட்டி:

நான் இன்னும் உள்ளே இருப்பவன். இது மூன்றாம் தடவை, பல்கலைக்கழக அனுமதிக்கு இதற்கு மேல் வாய்ப்பில்லை. பொறியியல் பீட இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொழும்பு மாவட்டத்தில் நின்றுகொண்டு வெட்டுப்புள்ளியைப் பார்த்தால் கழுத்து வலிக்கும். புலம்பலை இத்தோடு விடுகிறேன்.

எங்கள் கூட்டத்தை இரண்டாகப் பிளந்த கணக்கு இது: வட்ட மேசையைச் சுற்றி 6 பேர் அமர வேண்டும், அவர்களில் குறித்த இருவர் அடுத்தடுத்து இருக்கக் கூடாது. எத்தனை வழி? ஒரு பக்கம் 480 என்றது, மறுபக்கம் 72 என்றது. இரண்டு பக்கத்திலும் நன்றாகப் படிப்பவர்கள் இருந்தார்கள், அதுதான் சிக்கல். வகுப்பு விட்டுப் போகும் தேநீர்க் கடையில் சண்டை தொடர்ந்தது. கடைசியில் ஒருவன் நான்கு தேநீர்க் கோப்பைகளை மேசையில் வட்டமாக வைத்தான். நான்கு பேர் என்றால் எல்லாவற்றையும் கையாலேயே எண்ணிவிடலாம். குறித்த இருவரும் எதிரெதிரே இருந்தாக வேண்டும், மற்ற இருவரும் இடம் மாறலாம். 2 வழி, அவ்வளவுதான். 480 கட்சி செய்ததுபோல நேர்வரிசைக் கணக்கின்படி போனால் 12 வருகிறது. கோப்பைகளை எல்லோரும் ஒரு இடம் நகர்த்தினாலும் அதே அமைப்பு என்பதை 480 கட்சி அப்போதுதான் ஒத்துக்கொண்டது. 6 பேருக்கு மொத்தம் 120 வழி, அந்த இருவரும் அடுத்தடுத்து இருக்கும் 48 போக 72. கடைக்காரர் கோப்பைகளுக்குப் பணம் கேட்டார், அவர் பக்கம் நியாயம்.

அன்றிலிருந்து சேர்மானக் கணக்கு எது வந்தாலும் முதலில் சிறிய எண்ணைப் போட்டுப் பார்க்கிறேன்.

வெண்கட்டி, தெஹிவளை:

ஓய்வுபெற்ற ஆசிரியன். விடைத்தாள் திருத்தும் மேசையிலும் பல வருடங்கள் இருந்திருக்கிறேன். கடலோரத்தாளின் ஆப்பு எனக்குப் பிடித்தது, ஆனால் ஒரு விடயத்தில் அவரோடு சண்டை பிடிக்க வேண்டும். வீட்டில் இரவு முழுக்க ஒரு கணக்கோடு இருக்கலாம், இருக்கவும் வேண்டும். அதே பழக்கத்தைப் பரீட்சை மண்டபத்துக்குக் கொண்டுவந்தவர்களின் தாள்களைத்தான் நான் வயிற்றெரிச்சலோடு திருத்தியிருக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். மூன்று மணித்தியாலம், ஒரு தாளுக்கு 1000 புள்ளி. ஏ பகுதியில் 10 வினாக்களும் கட்டாயம், ஒவ்வொன்றும் 25. பி பகுதியில் 7 வினாக்களில் 5, ஒவ்வொன்றும் 150. நேரத்தைப் புள்ளிக்கு ஏற்பப் பங்கிட்டால் ஏ பகுதி வினா ஒன்றுக்கு நாலரை நிமிடம், பி பகுதி வினாவுக்கு 27 நிமிடம். தாளில் மூன்று வினாக்கள் அச்சுப்போல அழகாக இருக்கும். நான்காவது பாதியில் நிற்கும். ஐந்தாவதற்கு இலக்கம் மட்டும் எழுதியிருக்கும். நான்காவதில் ஒரு சிறு பகுதி வரவில்லை என்று அந்தப் பிள்ளை அங்கேயே குடியிருந்துவிட்டது. புள்ளித்திட்டம் படிப்படியாகத்தான் தருகிறது. ஐந்தாவதில் படம் வரைந்து முதற் சமன்பாட்டை எழுதியிருந்தாலே ஏதாவது போட எங்கள் கை துடிக்கும். வெற்றுத்தாளுக்கு நான் எதைப் போடுவது?

இன்னொன்று. கடினமான வினாவில் புள்ளி போகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் கண்டது வேறு. சமனிலியில் பகுதியெண்ணின் குறி தெரியாமலே இருபக்கமும் அதனால் பெருக்கிவிடுவார்கள். அது மறையாக இருந்தால் சமனிலி திரும்புமே என்ற எண்ணமே வராது. அதன் வர்க்கத்தால் பெருக்கினால் தொல்லையில்லை. தொகுத்தறிவில் நடுவிலுள்ள இயற்கணிதத்தை எல்லாம் அருமையாகச் செய்துவிட்டு, ஆகவே எல்லா நேர் நிறையெண்களுக்கும் உண்மை என்ற கடைசி வாக்கியத்தை எழுதமாட்டார்கள். அதற்கும் புள்ளி இருக்கிறது, பிள்ளைகளே!

ஒரு தாய், வெள்ளவத்தை:

எனக்குக் கணிதம் வராது, நான் கலைப்பிரிவு. மகன் சமையலறை வாசலில் நின்று கணக்கை எனக்கு வாசித்துக் காட்டுவார். நான் தேங்காய் துருவிக்கொண்டு ம் போடுவேன். ஒரு நாள் ஏணிக் கணக்கு: ஒப்பமான சுவர், கரடான தரை, ஏணி நழுவும் தறுவாயில் இருக்கிறது. சுவரிலும் உராய்வு, தரையிலும் உராய்வு என்று அவர் சொல்லிக்கொண்டு போனார். சுவர் வழுக்கும் என்றுதானே தொடக்கத்தில் வாசித்தீர், பிறகு எப்படி அது ஏணியைப் பிடிக்கும் என்று கேட்டேன். ஒன்றும் பேசாமல் அறைக்குள் போய்விட்டார். இரவுச் சாப்பாட்டுக்கு வந்தபோதுதான் விடை வந்துவிட்டது என்றார். என் பெயரைச் சொல்லவில்லை!

பிளேன்டீ:

அம்மா, உங்களைப்போல ஒருவர் எங்கள் வீட்டிலும் வேண்டும்.

வெண்கட்டி சேர், 7 இல் 5 ஐத் தெரிவது எப்படி? சென்ற முறை மண்டபத்தில் அதற்கே பதற்றம் வந்தது.

வெண்கட்டி:

தம்பி, வாசிப்பு நேரம் 10 நிமிடம் தருகிறார்களே, அதற்குத் தனியாகப் பயிற்சி எடுத்தீரா? யாரும் எடுப்பதில்லை. பழைய வினாத்தாள் ஒன்றை எடும். பேனையைத் தொடாமல் 10 நிமிடம் வாசியும். எந்த ஐந்து, எந்த வரிசை என்று மட்டும் குறித்துவிட்டு மூடிவையும். அடுத்த நாள் ஏழையும் செய்து பாரும். நீர் தெரிந்த ஐந்தும் உண்மையில் உமக்கு இலகுவான ஐந்தா என்பது தெரிந்துவிடும். நீளமான வினா பயமுறுத்தும். ஆனால் நீளமான வினாவில்தான் காட்டுக, இதிலிருந்து உய்த்தறிக என்று படிக்கட்டு போட்டுத் தந்திருப்பார்கள். இரண்டே வரியில் வரும் பகுதியை நம்பாதேயும்.

பிளேன்டீ:

சேர், செய்து பார்த்தேன். நான் ஒதுக்கிய இரண்டில் ஒன்று சிக்கலெண். அதுதான் ஏழில் மிக விரைவாக முடிந்தது. தெரிவு செய்தவற்றில் சட்டப்படல் வினா, அதாவது கோல்களை மூட்டிய சட்டகத்தின் கணக்கு, முக்கால் மணித்தியாலத்தை விழுங்கியது.

வெண்கட்டி:

போவின் குறியீட்டில் விசை வரைபடத்தை அளவுகோலோடு வரைகிறீரா, கையால் வரைகிறீரா?

பிளேன்டீ:

கையால்.

வெண்கட்டி:

அளவுகோலை எடும். வரைபடம் கோணலாக இருந்தால் எந்தக் கோலில் இழுவை, எந்தக் கோலில் உதைப்பு என்பதை இரண்டாம் முறையும் யோசிக்க வேண்டி வரும். நேரம் போவது அங்கேதான். சிக்கலெண்ணை இனி ஒதுக்க வேண்டாம்.

துறைமுகப் பக்கம்:

பிளேன்டீ, தமிழ் மொழிமூலப் புள்ளித்திட்டங்களைப் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் கல்வி அமைச்சின் ஈ தக்சலாவத் தளத்திலும் தேடிப் பாருங்கள். மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் வெளியிட்ட பயிற்சி நூல்களும் நல்லவை. எங்கள் நால்வரின் பழைய வினாத்தாள் கட்டும் சும்மா கிடக்கிறது. நாட்காட்டித் தாள்களைத் தவிர மற்றதெல்லாம் உங்களுக்குத்தான். சனிக்கிழமை 57 ஆவது ஒழுங்கையில் தமிழ்ச் சங்க நூலகப் பக்கம் வர முடியுமா?

பிளேன்டீ:

வருகிறேன் அண்ணா. காலையில் வகுப்பு, பிற்பகல் என்றால் சரி.