டைட்டானியத்தில் அப்பற்றைட் பூச்சு நிற்பதே இல்லை, யாராவது வழி சொல்லுங்கள்

துளசிச்செடி (கொட்டாஞ்சேனை):
வணக்கம். பொருள் விஞ்ஞானம் இறுதி ஆண்டு படிக்கிறேன். எலும்புக்குள் வைக்கும் டைட்டானியக் கலப்புலோகத்தின் மேல், எலும்பிலேயே உள்ள கனிமமான ஹைட்ரொக்சி அப்பற்றைட்டைப் பூசுவதுதான் என் செயல்திட்டம். 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் சேர்ந்த வழக்கமான கலப்புலோகம்தான்.

அப்பற்றைட்டை விலைக்கு வாங்கவில்லை. பேலியகொடை மீன் சந்தையில் கெலவல்லா நடுமுள் ஒரு பை வாங்கி வந்தேன். அம்மா முகம் சுளிக்காமல் பெரிய பானையை விட்டுத் தந்தார். அவித்து, சதையைச் சுரண்டி, 900 பாகையில் சுட்டதும் முள் பால் வெள்ளையாகி விட்டது. அரைத்து எதனோலில் கலக்கி, டைட்டானிய வட்டை மின்சாரத்தின் எதிர் (மறை) முனையில் மாட்டி 30 வோல்ட்டில் 2 நிமிடம் விட்டேன். சுண்ணாம்பு பூசின சுவர் போல ஒரே சீராகப் படிந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் சாதாரண உலையில் 900 பாகை, 1 மணி நேரம். வெளியே எடுத்தால் வற்றின குளத்து அடி மாதிரி வெடிப்பு. நகம் பட்டதும் அப்பளத் துண்டு போலக் கழன்று வருகிறது. கழன்ற துண்டின் பின்பக்கத்தில் மஞ்சளும் சாம்பலுமாக ஒரு செதில் ஒட்டியிருக்கிறது. எமரி பேப்பர் போட்டுக் கண்ணாடி போல மினுக்கித்தான் பூசினேன். 20 வட்டில் 6 மிச்சம்.

இந்தத் தலைப்பை எடுத்ததே அம்மம்மாவால்தான். அவருக்குப் போன வருடம் இடுப்பு மூட்டு மாற்றினார்கள், தொடை எலும்புக்குள் எலும்புச் சீமெந்து வைத்து இறுக்கிய தண்டு. இப்போது தளர்ந்துவிட்டது என்கிறார்கள், கால் ஊன்றும்போது தொடையில் வலி. பூச்சுள்ள தண்டாக இருந்தால் எலும்பு பிடித்திருக்குமே என்று மனம் கிடந்து அடிக்கிறது.

உலையடி (மொறட்டுவை):
தங்கச்சி, துண்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தீர்களே, விடை அங்கேதான் இருக்கிறது. அந்தச் செதில் டைட்டானிய ஒட்சைட்டு. சாதாரணமாக அது சில நனோமீற்றர் தடிப்பில் உலோகத்தை இறுகப் பிடித்திருக்கும். காற்றில் 900 பாகைக்குக் கொண்டுபோனால் தடித்து, நொறுங்கி, உலோகத்தை விட்டு எழும்பும். உங்கள் பூச்சு ஒட்சைட்டோடு நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறது. ஒட்சைட்டுதான் உலோகத்தைக் கைவிட்டது.

வெடிப்பு வேறு கதை. அப்பற்றைட் சூட்டில் டைட்டானியத்தை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். ஆறும்போது அதே அளவு கூடுதலாகச் சுருங்கப் பார்க்கும், கீழே உள்ள உலோகம் விடாது, அதனால் பூச்சு கிழிகிறது. உலைக்குள் வைக்கும் முன்பே நுணுக்குக்காட்டியில் ஒரு தடவை பாருங்கள். அப்போதே வெடிப்பு இருந்தால் எதனோல் வேகமாகக் காய்ந்ததுதான் காரணம். மெல்லிசாகப் பூசி, மூடி வைத்துக் காயவிடுங்கள்.

தொழிற்சாலையில் பிளாஸ்மா எனும் மின்னேற்ற வாயுத் தாரையில் பொடியை உருக்கி வீசுகிறார்கள். தாரை 10,000 பாகைக்கு மேல், ஆனால் பொடி அதற்குள் இருப்பது ஒரு கணம்தான், உலோகம் அவ்வளவு சூடாவதில்லை. அதோடு மேற்பரப்பை முதலில் மணல் அடித்துச் சொரசொரப்பாக்குவார்கள். நீங்கள் மினுக்கியது நேர் எதிர்.

நம்மிடம் அந்தக் கருவி இல்லை, சரி. கியோட்டோவில் கொக்குபோ குழுவினர் கண்டுபிடித்த கார முறையைச் செய்து பாருங்கள். 5 மோலார் சோடியம் ஐதரொட்சைட்டில், 60 பாகையில், 24 மணி நேரம் ஊறவிட்டு, கழுவி, மெதுவாகச் சூடேற்றி 600 பாகையில் 1 மணி நேரம். மேலே சோடியம் டைட்டனேற்றுப் படலம் உருவாகும், உலோகத்திலிருந்தே வளர்ந்தது என்பதால் இரண்டுக்கும் நடுவில் பிரிந்து வரக்கூடிய கோடு கிடையாது. பிறகு குருதித் திரவத்தைப் போன்ற அயன் கரைசலில் 36.5 பாகையில் போட்டால் அப்பற்றைட் தானாகவே படியும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: கண்ணாடி பீக்கர் வேண்டாம். சூடான காரம் கண்ணாடியைத் தின்னும். நான் அப்படிச் செய்து, வட்டில் சிலிக்கன் வந்து, எங்கிருந்து வந்தது என்று தேடியே ஒரு மாதம் போனது. பிளாஸ்டிக் போத்தல் போதும்.

மணல்மேடு:
புல்மோட்டை மணலில் டைட்டானியம், எப்பாவலையில் அப்பற்றைட். இரண்டும் நம் நாட்டிலேயே கிடக்க மீன்முள் எதற்கு?

உலையடி:
எப்பாவலைக் கல்லில் ஃபுளோரினும் குளோரினும் கலந்திருக்கிறது. உரத்துக்குச் சரி, உடம்புக்குள் அப்படியே வைக்க முடியாது. புல்மோட்டை மணலில் உள்ள இல்மனைட் கனிமத்திலிருந்து உலோகம் எடுப்பது தனித் தொழில், அது இங்கே இல்லை. எனக்கும் அந்த ஆதங்கம் உண்டு.

எலும்பு வார்ட்:
துளசி, அம்மம்மா விஷயத்தை நான் சொல்கிறேன். வயதானவர்களின் மெலிந்த எலும்புக்குச் சீமெந்துத் தண்டு வைப்பது நல்ல தெரிவுதான், அதில் உங்கள் மனம் நோகத் தேவையில்லை. பூச்சுத் தண்டிலும் முதல் வாரங்களில் அசைவு அதிகமானால் எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் வளரும். 150 மைக்ரோமீற்றர் அசைந்தாலே கெட்டுவிடும்.

ஆனால் ஒரு வருடத்துக்குள் தளர்ந்தது என்றால் முதலில் பார்க்க வேண்டியது கிருமித் தொற்று. காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம். உடம்பில் அழற்சி இருந்தால் காட்டும் சீஆர்பி, ஈஎஸ்ஆர் இரத்தப் பரிசோதனை செய்தார்களா? தேவைப்பட்டால் மூட்டிலிருந்து நீர் எடுத்துப் பார்ப்பார்கள். தள்ளிப் போடாதீர்கள்.

துளசிச்செடி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். 2 வட்டை மினுக்காமல், 240 எமரியோடு நிறுத்தி, பிளாஸ்டிக் போத்தலில் காரத்தில் ஊறவிட்டேன். கரைசலில் ஒரு வாரம் இருந்த பிறகு மேலே வெள்ளைப் படலம். செலோடேப் ஒட்டி இழுத்தேன், ஓரத்தில் கொஞ்சம் பொடி மட்டும் வந்தது, நடுப்பகுதி அசையவே இல்லை. உலையடி அண்ணா, இந்தப் பூச்சுகளுக்கான ஐஎஸ்ஓ 13779 தரநிலை கேட்கும் 15 மெகாபாஸ்கல் ஒட்டுவலிமையை அளக்க இழுவைப் பொறியில் வட்டை எந்தப் பசையால் ஒட்டுவது? பசை பூச்சுக்குள் ஊறினால் கணக்குப் பிழைக்குமே.

டொக்டர், அம்மம்மாவின் சீஆர்பி அதிகமாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை மூட்டு நீர் எடுக்கிறார்கள். நீங்கள் சொல்லியிராவிட்டால் நாங்கள் வலி மாத்திரையோடு இருந்திருப்போம்.