கல்யாணத்துக்கு முன்னாடி எச்ஐவி டெஸ்ட்டைச் சட்டமாக்கினா என்ன தப்பு?

பொள்ளாச்சி அண்ணன்:
தங்கச்சிக்கு வைகாசியில கல்யாணம். நிச்சயத்தன்னைக்கே தாய்மாமா ஆரம்பிச்சுட்டார்: "ஜாதகம் பாக்குறோம், ரத்தம் பாக்கக் கூடாதா? கவர்மென்ட்டே எல்லாருக்கும் கட்டாயம்னு சொல்லிட்டா வேலை முடிஞ்சுது." எனக்கும் நியாயமாத்தான் படுது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மதுரை செல்வம்:
கட்டாயமாக்கணும். தானமா வர்ற ரத்தத்தை ஒரு பை விடாம சோதிக்கிறாங்கதானே?

பழைய கவுன்சிலர்:
பை ஓடிப் போகாது தம்பி, ஆள் ஓடிடுவான். 14 வருஷம் நம்பிக்கை மையத்துல, அதாவது கவர்மென்ட்டோட எச்ஐவி டெஸ்ட், கவுன்சிலிங் சென்டர்ல, உட்கார்ந்தவன் சொல்றேன்.

மாமா சொல்றதை அமெரிக்காவுல இல்லினாய் மாநிலம் 1988-ல செஞ்சே பாத்துச்சு. முதல் 6 மாசத்துல 70,000 பேருக்கு மேல டெஸ்ட், பாசிட்டிவ் 8 பேர். நிறைய ஜோடிங்க பக்கத்து மாநிலத்துக்குப் போய்க் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அடுத்த வருஷமே சட்டத்தை எடுத்துட்டாங்க. நம்ம கோவாவுல 1989-ல டொமினிக் டிசோசான்னு ஒருத்தர் ரத்த தானம் பண்ணப் போய், எச்ஐவி இருக்குன்னு தெரிஞ்சு மாட்டினார். போலீஸ் கூட்டிட்டுப் போய் 64 நாள் அடைச்சு வச்சாங்க. அதைக் கேள்விப்பட்டவன் தானா கையை நீட்டுவானா?

என்கிட்ட ஒரு லாரி டிரைவர் வந்தார். பேரு கணேசன்னார். ரிசல்ட் வந்ததும் மூணு தடவை "கணேசன்"னு கூப்பிட்டேன். எதிர் பெஞ்சுல உட்கார்ந்து என்னையே பாத்துட்டிருந்தார், அசையல. முதல்ல கோவம்தான் வந்துச்சு, அப்புறம்தான் உறைச்சுது. மூணு வாரம் கழிச்சு வீட்டம்மாவையும் கூட்டிட்டு வந்தார். அன்னைக்குத்தான் நிஜப் பேர் சொன்னார்.

நம்ம நாட்டு 2017 எச்ஐவி சட்டப்படி, ரத்த வங்கி, கோர்ட் உத்தரவு மாதிரி சில விதிவிலக்கு தவிர, சம்மதம் இல்லாம எடுக்கக் கூடாது.

கோவை பிரியா:
சம்மதமா? நான் மாசமா இருந்தப்போ ஹீமோகுளோபினோட இதையும் சேத்து எடுத்தாங்க. யாரும் என்னைக் கேக்கல சார்.

பழைய கவுன்சிலர்:
நடக்குதும்மா, மறுக்கல. வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஓபி கூட்டத்துல அதை யாரும் சொல்றதில்ல, நானே சில நாள் கையெழுத்தை மட்டும் வாங்கிட்டு அனுப்பியிருக்கேன். ஆனா அங்க தெரிஞ்ச உடனே அம்மாவுக்கு மாத்திரை ஆரம்பிச்சா, குழந்தைக்குப் போகாம பெரும்பாலும் தடுத்துடலாம். கல்யாண சர்டிபிகேட்ல அப்படி என்ன இருக்கு? போன வாரம் தொத்தினது இன்னைக்கு டெஸ்ட்ல தெரியாது. நெகட்டிவ்னு பேப்பரை பூஜை ரூம்ல வச்சுக்கலாம், அவ்வளவுதான்.

பொள்ளாச்சி அண்ணன்:
மாப்பிள்ளைகிட்டயே பேசிட்டேன் சார். "ரெண்டு பேரும் சேர்ந்தே எடுத்துக்குறோம், ரிசல்ட் மட்டும் மாமா காதுக்குப் போகக் கூடாது"ன்னார்.

பழைய கவுன்சிலர்:
நல்ல பையன். ரிசல்ட்டை அவங்கவங்ககிட்ட நேர்லதான் சொல்லுவாங்க. மாமாவைக் கூட்டிட்டுப் போனாலும் வெளிய டீக்கடையில உட்கார வச்சிடுங்க.