கிளாஸ் 37 மாடல் ரயில் இன்ஜின் பாயின்ட்டில் (தண்டவாளம் பிரியும் இடத்தில்) நின்றுவிடுகிறது, உதவி தேவை

ஓஓ அளவில் (1:76) புதிதாக வந்த மேம்படுத்தப்பட்ட கிளாஸ் 37 (பிரிட்டிஷ் ரயில் இன்ஜின்) டீசல், சவுண்டுடன். போன மாதம் வாங்கினேன். 21 முனை (பின்) டிகோடர் (இன்ஜினுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு), டிசிசி (டிஜிட்டல் கட்டுப்பாடு) ஓட்டம். நேர்ப்பாதையில் அருமையாக ஓடுகிறது. இன்ஜின் சத்தமும் விளக்குகளும் பழைய பதிப்பைவிட எவ்வளவோ மேல். ஆனால் இடப்பக்கம் திரும்பும் பாயின்ட்டில், மெதுவாகப் போகும்போது மட்டும், சத்தம் அறுந்து வண்டி நின்றுவிடுகிறது. லேசாகத் தள்ளினால் இன்ஜின் முதலிலிருந்து ஸ்டார்ட் ஆகிறது. பாயின்ட்டின் ஃப்ராக் (தண்டவாளங்கள் குறுக்கிடும் பகுதி) பிளாஸ்டிக், மின்சாரம் கிடையாது. அதே பாயின்ட்டில் பழைய 37 தடங்கலின்றிப் போகிறது.

தண்டவாளம், சக்கரங்கள் எல்லாம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தாயிற்று. டிகோடரில் சிவி 8 என்ற அமைப்பில் 8 போட்டு ரீசெட் செய்தேன். வேறு டிகோடரும் மாற்றிப் பார்த்தேன், அதே கதை. கடைசியில் மல்டிமீட்டரில் ஒன்று பிடிபட்டது: பின் போகியை (இன்ஜினின் அடியில் சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டம்) இடப்பக்கம் திருப்பினால் அதன் ஒரு பக்கச் சக்கரங்களுக்கும் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டுக்கும் தொடர்பே இல்லை, நேராக வைத்தால் வந்துவிடுகிறது. சக்கரத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் பிக்கப் தகடோ, அதிலிருந்து மேலே போகும் வயரோ என்று சந்தேகம். ஸ்டே-அலைவ் கெப்பாசிட்டர் (மின்சாரம் அறும்போது சிறிது நேரம் ஓட வைப்பது) போட்டு மறைக்க மனமில்லை, கோளாறையே சரிசெய்ய வேண்டும்.

இந்த மாதிரி ஆறு அச்சு மாடலில், வயர் அறுந்துவிடாமல் பின் போகியைக் கழற்றுவது எப்படி?